தெருமுனையில் தொடங்குங்கள்: துப்பாக்கி வன்முறையைக் குறைக்க அக்கம்பக்கத்தார் கூடும்போது

அமெரிக்க நகரங்களில் துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேச அக்கம்பக்கத்தார் கூடும் கூட்டங்கள் பல, முதல் அரை மணி நேரத்திலேயே தடம் மாறிவிடுகின்றன. ஒருவர், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை எடுப்பார். இன்னொருவர் வாஷிங்டனைத் திட்டுவார். மூன்றாமவர், போன வாரம் சுடப்பட்ட பையன் யாரோடு சுற்றினான் என்று ஆரம்பிப்பார். ஒன்பது மணிக்கு நாற்காலிகளை மடித்து வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மாதம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

அப்படி ஆகாமல் நடத்துவது எப்படி என்று, இத்தகைய குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் ஒன்றைத் தொடங்க நினைப்பவர்களுக்கும் இதை எழுதுகிறோம். உதாரணங்கள் பெரும்பாலும் பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள பிலடெல்பியாவைச் சேர்ந்தவை. 2021இல் அந்த நகரத்தில் 562 பேர் கொலையானார்கள். 2024இல் அது 269 ஆகக் குறைந்தது. நாடு முழுவதுமே அந்த ஆண்டுகளில் கொலைகள் குறைந்தன என்பதால், எந்த ஒரு திட்டமும் இந்தச் சரிவைத் தன் சாதனை என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு தெரு, ஒரு மனை என்ற அளவில் எது பலன் தருகிறது என்று முறையாகச் சோதித்துப் பார்த்த நகரம் அது. அதனால்தான் அங்கிருந்து கற்க நிறைய இருக்கிறது.

எதைப் பேசுவது, எதை விடுவது

துப்பாக்கிச் சட்டத்தை மாற்றுவது முக்கியமான வேலை. ஆனால் அது தெருக்குழுவின் வேலை அல்ல. 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில், நகரங்கள் தாமாகத் துப்பாக்கிச் சட்டம் போடுவதை மாநிலச் சட்டம் தடுக்கிறது அல்லது கட்டுப்படுத்துகிறது. பென்சில்வேனியாவும் அவற்றில் ஒன்று. பிலடெல்பியா நகரம் இதை எதிர்த்து வழக்காடியது. அந்த வழக்கைக் கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது சரிதான் என்று 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே உங்கள் கவுன்சிலரால் முடியாத ஒன்றை அவரிடம் கேட்டுக்கொண்டு மூன்று கூட்டங்களைக் கரைக்காதீர்கள். சட்டத்துக்காகப் போராட விரும்புகிறவர்கள் மாநிலத் தலைநகரை நோக்கி வேறொரு அமைப்பாகப் போகட்டும்.

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. துப்பாக்கி வைத்திருக்கும் அண்டை வீட்டுக்காரர் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பது பற்றி அவர் சொன்னால் மற்ற துப்பாக்கிக்காரர்கள் கேட்பார்கள். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள். முதல் நாளே சட்ட விவாதத்தில் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

பேச வேண்டியது இடத்தைப் பற்றி. பாஸ்டனில் 1980 முதல் 2008 வரையிலான துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்தவர்கள், நகரத்தின் தெருத்துண்டுகளிலும் சந்திப்புகளிலும் 3 சதவீதத்துக்கும் குறைவானவற்றிலேயே பாதிக்கு மேல் நடந்திருப்பதைக் கண்டார்கள். ‘எங்கள் ஏரியா மோசம்’ என்று மக்கள் சொல்லும்போது, அது பெரும்பாலும் இரண்டு மூன்று முனைகளைத்தான் குறிக்கும். அந்த முனைகள் எவை, அங்கே அடுத்த 60 நாளில் எதை மாற்றலாம்? கூட்டத்தின் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

முதல் கூட்டம்

இடம்: நூலக அறை, சர்ச் ஹால், பள்ளிச் சாப்பாட்டுக் கூடம். காவல் நிலையத்தில் வைக்காதீர்கள். பிலடெல்பியாவில் ஒவ்வொரு காவல் மாவட்டமும் தன் பகுதி மக்களுடன் தனியாகக் கூட்டம் நடத்துகிறது, சிகாகோவிலும் 1993இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் அப்படி உண்டு. போலீசிடம் கேட்க வேண்டியதை அங்கே கேட்கலாம். உங்கள் முதல் கூட்டத்தில் சீருடை இருந்தால், யாரைக் கேட்டாக வேண்டுமோ அந்த இளைஞர்கள் வாயே திறக்கமாட்டார்கள்.

நேரம்: வார நாள் மாலை, 90 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சாப்பாடு இருக்கட்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள பக்கத்து அறையில் இரண்டு பேர் இருக்கட்டும். இல்லையென்றால் தாய்மார்கள் வரமுடியாது, இந்த விஷயத்தில் அவர்கள் இல்லாத கூட்டம் அரைக்கூட்டம். நடத்துபவர், நேரம் பார்ப்பவர், குறிப்பெடுப்பவர் என மூன்று தனி ஆட்கள் வேண்டும். ஒருவரே மூன்றையும் செய்தால் சத்தமாகப் பேசுபவர் கூட்டத்தைப் பிடித்துக்கொள்வார்.

யாரை நேரில் போய் அழைக்க வேண்டும்: தெருவுக்குப் பொறுப்பான பிளாக் கேப்டன், முடிதிருத்துபவர், பாஸ்டர் அல்லது இமாம், பள்ளி ஆலோசகர், மருத்துவமனை அவசரப் பிரிவு நர்ஸ், 16 முதல் 24 வயது வரையுள்ள நான்கைந்து பேர், முனைக்கடைக்காரர். பெட்ரோல் பங்கும் முனைக்கடையும் நடத்தும் தெற்காசியர்கள் இந்த நகரங்களில் நிறைய இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்குத் தெருவில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் ‘நமக்கெதற்கு வம்பு’ என்று ஒதுங்கியிருப்பார்கள். துண்டுச்சீட்டு கொடுத்தால் வரமாட்டார்கள். கடைக்கே போய், ஒரு கேள்வியோடு அழையுங்கள்: “உங்கள் கடை வாசலில் எந்த விளக்கு எரியவில்லை?”

விதிகள் மூன்று போதும். சந்தேகப்படும் ஆளின் பெயரைச் சொல்லக்கூடாது. படமோ வீடியோவோ எடுக்கக்கூடாது. உயிரிழந்தவரின் குடும்பத்தாரிடம் ‘சொல்லுங்கள்’ என்று கேட்கக்கூடாது. அவர்களாகப் பேச விரும்பினால் நேரம் கொடுக்கலாம். முதல் விதி மரியாதைக்காக மட்டும் போட்டதல்ல. சூடுகளில் கணிசமானவை முந்தைய சூட்டுக்குப் பழிவாங்கல். கூட்டத்தில் உதிர்ந்த ஒரு பெயர் அன்றிரவே வாட்ஸ்அப்பில் தெருவைச் சுற்றி வந்தால், அந்தக் கூட்டமே அடுத்த சூட்டுக்குக் காரணமாகலாம். தகவல் சொல்ல விரும்புகிறவருக்குக் காவல்துறையின் பெயரறியாத் தகவல் எண்ணைத் தனியாகக் கொடுங்கள்.

புதிதாகச் சேர்பவர் என்றால் முதல் இரண்டு கூட்டங்களில் அதிகம் கேளுங்கள். அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்யும் ஒரு அம்மா பெரும்பாலும் இருப்பார். எது ஏற்கனவே முயன்று தோற்றது என்று அவரிடம் கேட்டால் ஆறு மாத உழைப்பு மிச்சமாகும்.

வரைபடமும் அந்தி நடையும்

பிலடெல்பியா, நியூயார்க், சிகாகோ ஆகிய நகரங்கள் சூடுகளின் தரவை இணையத்தில் பொதுவில் வைக்கின்றன. உங்கள் தெருவைச் சுற்றிக் கால் மைல் வட்டத்தில் மூன்று ஆண்டுத் தரவை எடுங்கள். நாள், மணி, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரியுங்கள். பெரிய தாளில் வரைபடத்தை அச்சிட்டுப் புள்ளி ஒட்டுங்கள். திரையில் காட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்யும், மக்கள் எழுந்து வந்து ‘இது இங்கே இல்லை, மூலைக்கு அந்தப் பக்கம்’ என்று திருத்துவார்கள். தரவில் முகவரி தோராயமாகத்தான் இருக்கும், ஆகவே அந்தத் திருத்தம் தேவை. யாருக்கும் குண்டு படாத சூடு இந்தப் பட்டியலில் வராது. தற்கொலையும் வராது.

ஒரு எச்சரிக்கை: இவை சிறிய எண்கள். போன மாதம் ஐந்து, இந்த மாதம் இரண்டு என்றால் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை. கோடையில் கூடும், குளிரில் குறையும். ஒப்பிடுவதானால் முந்தைய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள்.

வரைபடத்தில் இரண்டு முனைகளைத் தேர்ந்ததும் அங்கே நடந்து பாருங்கள். சூரியன் மறைந்து அரை மணி கழித்து, ஆறு முதல் எட்டுப் பேர், ஒரு மணி நேரம். எரியாத விளக்கு, விளக்கை மறைக்கும் கிளை, கதவில்லாத காலி வீடு, குப்பை கொட்டிய மனை, டயர் குவியல், மறைவான சந்து என ஒவ்வொன்றையும் முகவரியோடு எழுதுங்கள். இடத்தைப் படமெடுங்கள், ஆட்களை எடுக்காதீர்கள். முனையில் நிற்கும் பையன்களைக் கண்டால் வணக்கம் சொல்லி, என்ன செய்கிறீர்கள் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு நகருங்கள். கேமராவும் கையுமாகப் பேசாமல் நின்றால் உங்களைப் போலீஸ் ஆட்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மறுநாள் ஒவ்வொரு குறையையும் தனித்தனியாக, நகராட்சிக்குப் புகார் சொல்லும் 311 எண்ணில் பதிவு செய்யுங்கள். பத்தையும் ஒரே புகாரில் எழுதினால் முதல் ஒன்றைச் சரிசெய்துவிட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கிடைக்கும் புகார் எண், தேதி, நிலை மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் அந்த எண்களோடு கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போங்கள். இந்த நோட்டுதான் குழுவின் சொத்து, பத்திரமாக இருக்கட்டும்.

விளக்கு சின்ன விஷயமல்ல. 2016இல் நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து கூடுதல் விளக்குக் கோபுரங்கள் வைத்தபோது, அங்கே இரவில் வெளியிடங்களில் நடந்த கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. காலி வீடுகளுக்குப் பிலடெல்பியாவில் 2011 முதல் நடைமுறையில் உள்ள ‘கதவு, ஜன்னல் விதி’ (Doors and Windows Ordinance) உதவும்: பெரும்பாலான வீடுகளில் ஆட்கள் குடியிருக்கும் தெருவில், கைவிட்ட வீட்டின் உரிமையாளர் கதவும் ஜன்னலும் பொருத்தியாக வேண்டும், பலகை அடித்தால் போதாது. அந்த விதியைப் பெயர் சொல்லிப் புகாரில் எழுதுங்கள்.

காலி மனை

ஒரு தெருக்குழு தன் கையாலேயே செய்யக்கூடியவற்றில் இதற்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றைச் சுத்தம் செய்து பசும்புல் வைத்தார்கள், சிலவற்றைச் சுத்தம் மட்டும் செய்தார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். 2018இல் வெளிவந்த முடிவின்படி, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பகுதிகளில் சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. காரணம் எளிது: புதர் மண்டிய மனை துப்பாக்கியை ஒளித்து வைக்க இடம் தருகிறது. இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் போலீசிடம் மாட்டுவார்கள், புதரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கலாம். புதர் போனால் அந்த வசதி போகிறது, முதியவர்கள் நாற்காலி போட்டு உட்காரத் தொடங்குகிறார்கள்.

வரிசை இது. முதலில் உரிமையாளர் யார் என்று நகரத்தின் சொத்துப் பதிவில் முகவரி கொடுத்துப் பாருங்கள். தனியார் என்றால் எழுத்தில் அனுமதி. நகரத்தின் நிலம் என்றால், காலி நிலங்களைக் கையாளும் நில வங்கி என்ற நகர அமைப்பிடமோ கவுன்சிலரிடமோ கேளுங்கள். பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கம் நகரத்துக்காக நடத்தும், காலி மனைகளைச் சீர்செய்து பராமரிக்கும் லேண்ட்கேர் திட்டத்தில் உங்கள் மனையைச் சேர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. அனுமதியில்லாமல் இறங்குவது அத்துமீறல், யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு உங்கள் தலையில்.

சுத்தம் செய்யும் நாளில் தடித்த தோல் கையுறை, கனமான காலணி, கிடக்கும் ஊசிகளைப் போட்டுவைக்கத் தனிக் கெட்டிப் பெட்டி. துப்பாக்கியோ தோட்டாவோ கண்ணில் பட்டால் தொடக்கூடாது. எல்லாரையும் நகர்த்திவிட்டு 911 அழையுங்கள். இதை வேலை தொடங்கும் முன் சத்தமாகச் சொல்லுங்கள், குழந்தைகள் இருந்தால் இரண்டு முறை.

வரிசை வீடுகளின் நடுவில் இடிந்த ஒரு வீட்டின் மனை சுமார் 1,000 சதுர அடி இருக்கும். அதற்கு 4 அங்குலம் மேல்மண் பரப்ப 12 கன கஜத்துக்குச் சற்று மேல் வேண்டும், ஏறக்குறைய ஒரு பெரிய டிரக் லோடு. அந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்ற உயரமான ஃபெஸ்க்யூ புல் விதை 6 முதல் 8 பவுண்டு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் தூவுங்கள். ஜூனில் தூவினால் வெயிலில் கருகும், களை முந்திக்கொள்ளும். முதல் மூன்று வாரம் தினமும் தண்ணீர் வேண்டும். குழாய் யார் வீட்டிலிருந்து வரும் என்பதை விதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டு மூன்று மரங்கள் போதும். பார்வையை மறைக்கும் செடிப்புதர் வைக்கவே கூடாது.

சுற்றிலும் மரக்கம்பு வேலி, மூன்றடி உயரத்துக்குள், ஆள் நுழைய ஒரு திறப்போடு. லாரியில் வந்து குப்பை கொட்டுவதை இது தடுக்கும், ஆனால் யார் உள்ளே இருக்கிறார் என்று தெருவிலிருந்து தெரியும். உயரமான கம்பிவேலி போட்டுப் பூட்டினால் உள்ளே மீண்டும் புதர் வளரும், பழைய கதைதான். காய்கறி போட ஆசை வந்தால் முதலில் மண் பரிசோதனை; பழைய தொழிற்சாலைப் பகுதிகளின் மண்ணில் ஈயம் இருக்கும்.

இந்த வேலை கெட்டுப்போவது முதல் கோடையில் அல்ல, இரண்டாம் கோடையில். தொடக்க விழாவுக்கு ஐம்பது பேர் வருவார்கள், அடுத்த ஜூலையில் புல் வெட்ட ஆளிருக்காது. பிலடெல்பியாவில் ஒரு மனையைச் சீர்செய்யச் சுமார் 1,600 டாலரும், பராமரிக்க ஆண்டுக்குச் சுமார் 180 டாலரும் என்று கணக்கிட்டார்கள். விலைவாசி அதற்குப் பின் ஏறியிருக்கிறது. பராமரிப்புப் பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இரு முறை புல் வெட்டும் பையனுக்குக் கூலி கொடுங்கள். அந்தக் கூலி தெருவிலுள்ள ஒரு இளைஞனுக்கே போகட்டும்.

வீட்டுக்குள் இருக்கும் துப்பாக்கி

தெருச்சூட்டைப் பேச வந்த கூட்டம் இதைக் கடைசியில் தள்ளிவிடும். தள்ள விடாதீர்கள். 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,204 பேரில் 27,032 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். நெருக்கடியான சில மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்தச் சில மணி நேரம் கிடைப்பதில்லை. குழந்தைகள் எடுத்து விளையாடி நடக்கும் விபத்துகளும், வீட்டிலும் காரிலும் திருடுபோய்த் தெருவுக்கு வரும் துப்பாக்கிகளும் இதே பூட்டாத அலமாரியிலிருந்துதான் தொடங்குகின்றன.

கேபிள் பூட்டுகள் பல ஊர்களில் காவல் நிலையத்திலோ ஷெரிஃப் அலுவலகத்திலோ இலவசமாகக் கிடைக்கும். 50 வாங்கி வந்து கூட்ட வாசலில் ஒரு பெட்டியில் வையுங்கள், பெயர் எழுதச் சொல்லாதீர்கள். பெயர் கேட்டால் எடுக்கமாட்டார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் செயல்முறையைச் சொல்லிக் காட்டட்டும், கூட்டத்துக்கு உண்மையான துப்பாக்கி கொண்டுவராமல், ஒரு பிளாஸ்டிக் மாதிரியில்: தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும், துப்பாக்கியின் தோட்டா அறை காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, கேபிளை மேல்துளை வழியாக விட்டு மேகசின் போகும் வழியாக வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும். சாவி அதே இழுப்பறையில் இருந்தால் பூட்டியதற்குப் பொருளில்லை. கேபிளை வெட்டுக்குறடால் வெட்டிவிடலாம், ஆகவே திருட்டுக்கு எதிராக எஃகுப் பெட்டிதான் சரி.

பிள்ளைகளை விளையாட வேறு வீட்டுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர்கள் ஒரு கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். நாய் உண்டா, நீச்சல்குளம் உண்டா, ஒவ்வாத உணவு என்ன என்று பேசும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்: “வீட்டில் பூட்டாத துப்பாக்கி ஏதும் இருக்கிறதா? நாங்கள் எல்லா வீட்டிலும் கேட்பது வழக்கம்.” அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே பரிந்துரைக்கும் கேள்வி இது, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

தற்கொலை எண்ணத்தில் இருப்பவர் வீட்டில் துப்பாக்கி இருந்தால், நெருக்கடி தீரும் வரை அதை வீட்டுக்கு வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள். எங்கே வைக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், காவல் நிலையத்தில் கேட்கலாம். 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் நீதிமன்றம் மூலம் தற்காலிகமாகத் துப்பாக்கியை எடுத்துவைக்கும் சட்டம் உண்டு. நியூஜெர்சியில் உண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் பென்சில்வேனியாவில் இல்லை. தற்கொலை நெருக்கடி உதவி எண்ணான 988ஐ எந்த நேரமும் அழைக்கலாம். எண்ணைச் சுவரில் பெரிதாக ஒட்டுங்கள்.

நீங்கள் செய்யக்கூடாதது

தெருச்சண்டையில் நடுவராக இறங்காதீர்கள். அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். சிகாகோவில் 2000இல் மேற்கு கார்ஃபீல்ட் பார்க்கில் தொடங்கிய முறையில், ஒரு காலத்தில் அதே தெருவாழ்க்கையில் இருந்தவர்கள் சண்டை முற்றுவதற்குள் இரு தரப்பிலும் பேசுகிறார்கள். அவர்களுக்கு அந்த இளைஞர்களிடம் இருக்கும் மதிப்பு உங்களுக்கு இருக்காது. பாஸ்டன் 1996இல் தொடங்கிய வழி வேறு: சுடுதலில் சிக்கியிருக்கும் சிறு குழுக்களை நேரில் அழைத்து, ‘நிறுத்துங்கள், வேலையும் உதவியும் இருக்கிறது, தொடர்ந்தால் வழக்கு வரும்’ என்று காவல்துறையும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்தே சொல்வது. பிலடெல்பியாவிலும் இது நடக்கிறது. உங்கள் பகுதியில் எது இயங்குகிறது, யாரை அழைப்பது என்று அறிந்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊழியர்களை அழைத்துப் பேசச் சொல்லும்போது போலீஸ் அதிகாரியோடு ஒரே மேஜையில் உட்கார வைக்காதீர்கள். தெருவில் அவர்கள் மேல் இருக்கும் நம்பிக்கை அன்றே போய்விடும்.

துப்பாக்கியைக் கொடுத்துப் பரிசுக்கூப்பன் வாங்கும் விழாவுக்கும் அவசரப்பட வேண்டாம். அங்கே வருவது பெரும்பாலும் பரண்மேல் கிடந்த பழைய துப்பாக்கிகள். அவற்றால் தெருச்சூடு குறைந்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதே பணத்தை இளைஞர்களின் கோடைவேலைக்குக் கொடுக்கலாம். சிகாகோவில் எட்டு வாரப் பகுதிநேர வேலை பெற்ற மாணவர்கள், அடுத்த 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது 43 சதவீதம் குறைவாக இருந்தது.

சூடு நடந்துவிட்டால்

முதல் மூன்று நாட்களில் குடும்பத்தாரை ஒருவர் மட்டும் சந்தித்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். மெழுகுவர்த்திக் கூட்டம் அவர்கள் சம்மதித்தால் மட்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு நிதி உண்டு. ஈமச்சடங்குச் செலவும் மருத்துவச் செலவும் மனநல ஆலோசனையும் அதில் கேட்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப உதவுவது மலர்வளையத்தைவிடப் பயன்படும். யார் சுட்டார்கள் என்ற ஊகம் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தால் நடத்துபவர் உடனே அழிக்க வேண்டும்.

பட்ஜெட் காலம்

பிலடெல்பியாவின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. மேயர் மார்ச்சில் பட்ஜெட்டை வைப்பார், வசந்தகாலம் முழுக்கக் கவுன்சில் விசாரணைகள் நடக்கும், ஜூன் முடிவதற்குள் நிறைவேறும். ஜூலையில் போய்க் கேட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஆகவே பிப்ரவரிக் கூட்டத்தில் நோட்டைத் திறந்து, தீராத புகார்களிலிருந்து இரண்டே கோரிக்கைகளைத் தேர்ந்தெடுங்கள்: இன்ன முனையில் இத்தனை விளக்கு, இன்ன மனைகளுக்குப் பராமரிப்பு. பேசப் பெயர் பதிந்து, கிடைக்கும் சில நிமிடங்களில் முகவரி, புகார் எண், முதல் புகாரின் தேதி ஆகியவற்றை வரிசையாகப் படியுங்கள். வரிவிலக்கு பெற்ற தொண்டு அமைப்பாகப் பதிவு செய்திருந்தாலும் அளவோடு இப்படிக் கோரிக்கை வைக்கலாம், ஆனால் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. விசாரணை முடிந்ததும் கவுன்சிலரின் உதவியாளரிடம் நோட்டின் நகலைக் கொடுத்து, யார் பெற்றுக்கொண்டார் என்று உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.